தொண்டை கரகரத்தால் பயப்படாதீர்கள்... நல்ல ஆலிவ் எண்ணெய்க்கு அதுதான் அடையாளம்!

வீட்டில் யாருக்காவது ‘கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட இருக்கு, ஹார்ட்டைக் கவனிச்சுக்குங்க’ என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும்... அடுத்த வாரமே அடுக்களையில் ஒரு புது பாட்டில் வந்து உட்கார்ந்துவிடும். ஆலிவ் எண்ணெய்! விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனாலும், ‘அவர் நல்லா இருந்தா போதும்’ என்று வாங்கிவிடுகிறோம். அவ்வளவு காசு கொடுத்து வாங்குகிற அந்த பாட்டிலுக்குள் இதயத்துக்கான சரக்கு உண்மையிலேயே இருக்கிறதா? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஆலிவ் எண்ணெயின் புகழ் மத்திய தரைக்கடல் நாடுகளில் தொடங்கியது. அமெரிக்க விஞ்ஞானி அன்செல் கீஸ், 1958-ல் ஏழு நாடுகளின் ஆண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினார். கிரீஸின் கிரீட் தீவுக்காரர்கள் கொழுப்புக்குப் பயந்தவர்கள் இல்லை. ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள். ஆனால், இதய நோய் மரணங்கள் அங்கேதான் மிகக் குறைவாக இருந்தன. ‘அந்த எண்ணெயில் என்னதான் இருக்கிறது?’ என்ற கேள்வி அப்போதுதான் சூடு பிடித்தது.

ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம் என்ற நல்ல கொழுப்பு. இதற்கு ஒரு பங்கு உண்டு. இன்னொரு பங்கு, மிகச் சிறிய அளவில் இருக்கும் பாலிபீனால்களுக்கு. பூச்சி, வெயில் போன்றவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மரம் உருவாக்கும் பொருள்கள் இவை. நமக்குள் என்ன செய்கின்றன?

டப்பாவில் நாள்கணக்கில் கிடந்த முறுக்கில் ஒரு சிக்கு வாடை வருமே, அது எண்ணெயில் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் நடந்ததன் விளைவு. ஏறத்தாழ அதேபோன்ற மாற்றம் நம் ரத்தக்குழாய்ச் சுவரில் தங்கும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலுக்கும் நடக்கிறது. அப்படிக் கெட்டுப்போன எல்.டி.எல்-ஐ வெள்ளை அணுக்கள் விழுங்கி, வீங்கி, அங்கேயே தேங்கிவிடுகின்றன. அடைப்புக்கு அஸ்திவாரம் இதுதான். இந்தக் கெட்டுப்போகும் வேலையைப் பாலிபீனால்கள் மட்டுப்படுத்துகின்றன.

இதற்கு ஆதாரம் உண்டு. ஐரோப்பாவின் 5 நாடுகளில் 200 ஆரோக்கியமான ஆண்களை வைத்து ‘யூரோலிவ்’ என்ற ஆய்வு நடந்தது; முடிவு 2006-ல் வெளியானது. தினமும் 25 மி.லி. ஆலிவ் எண்ணெய். மொத்தம் மூன்று வகை, ஒவ்வொன்றும் மூன்று வாரம். வகைக்கு வகை பாலிபீனால் அளவுதான் மாறியது. கிலோவுக்கு 2.7 மில்லிகிராம், 164 மில்லிகிராம், 366 மில்லிகிராம். பாலிபீனால் கூடக் கூட, நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்.டி.எல். கூடியது, ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்.டி.எல். குறைந்தது.

பின்னர், 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை லேபிளில் அச்சிட அனுமதி கொடுத்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு: 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்சிடைரோசாலும் அதைச் சார்ந்த பொருள்களும் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். பலன் கிடைக்க தினமும் அந்த 20 கிராம், அதாவது சுமார் ஒன்றரை டேபிள்ஸ்பூன், சாப்பிட வேண்டும்.

எந்த பாட்டில்?

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். பழத்தை அரைத்து, ரசாயனம் சேர்க்காமல் பிரித்தெடுப்பது ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’. நம் செக்கு எண்ணெய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீஃபைண்டு செய்யும்போது நிறம், மணம், கசப்பு எல்லாம் போகும். கூடவே பாலிபீனாலில் பெரும்பகுதியும் போய்விடும். ‘ப்யூர்’, ‘லைட்’, ‘எக்ஸ்ட்ரா லைட்’ என்று விற்பவை பெரும்பாலும் ரீஃபைண்டு எண்ணெய்தான். ‘லைட்’ என்றால் கலோரி குறைவு என்று அர்த்தமில்லை. நிறமும் ருசியும் லேசு, அவ்வளவே. ‘போமஸ்’ என்பது பிழிந்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கிலிருந்து கரைப்பான் மூலம் எடுத்து ரீஃபைண்டு செய்வது.

எக்ஸ்ட்ரா வர்ஜினிலும் பாட்டிலுக்கு பாட்டில் வித்தியாசம் உண்டு. கறுப்பு அல்லது கரும்பச்சை பாட்டிலாக, சமீபத்தில் அறுவடையானதாகப் பாருங்கள். சிறிய பாட்டிலாக வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் சீக்கிரம் தீருங்கள். வெளிச்சம், சூடு, நாள் கடப்பது... மூன்றுமே பாலிபீனாலுக்கு எதிரிகள்.

வீட்டிலேயே ஒரு சோதனை: ஒரு ஸ்பூன் எண்ணெயை அப்படியே விழுங்கிப் பாருங்கள். நாக்கில் லேசான கசப்பு, தொண்டையில் மிளகு பட்டது போல ஓர் உறைப்பு, சிலருக்கு இருமல்கூட வரும். அந்த உறைப்புக்குக் காரணம் ஒலியோகேந்தால் என்ற பாலிபீனால். ஐபுபுரூஃபன் மருந்தை விழுங்கும்போதும் தொண்டையில் இதே மாதிரி உறைப்பதைக் கவனித்த கேரி பியூசாம்ப் என்ற விஞ்ஞானியின் குழு, இரண்டும் வீக்கத்தைக் குறைக்கும் வேலையை ஒரே வழியில் செய்கின்றன என்று 2005-ல் எழுதியது. கசக்கிறதே என்று நாம் ஒதுக்கிவைக்கும் எண்ணெயில்தான் காசுக்கான சரக்கு இருக்கிறது!

எப்படிச் சாப்பிடுவது?

ஸ்பெயினில் இதய நோய் அபாயம் அதிகம் உள்ள 7,447 பேரிடம் ‘பிரெடிமெட்’ என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஒரு குழுவின் குடும்பங்களுக்கு வாரம் ஒரு லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் கொடுத்தார்கள். கொழுப்பைக் குறைக்கச் சொன்ன குழுவோடு ஒப்பிட்டால், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்த்து இந்தக் குழுவில் ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைவு. அதிகம் குறைந்தது பக்கவாதம். 2013-ல் வந்த அறிக்கையில், ஆட்களைக் குழு பிரித்ததில் குறை இருந்ததால், அதைத் திரும்பப் பெற்று 2018-ல் மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஏற்கெனவே இதய நோய் உள்ள 1,002 பேரை 7 வருடங்கள் கவனித்து, ஸ்பெயினின் கோர்டோபா நகர மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்விலும் ஆலிவ் எண்ணெய் உணவே ஜெயித்தது.

ஆனால், கவனியுங்கள். அவர்கள் எண்ணெயை மட்டும் சாப்பிடவில்லை. காய்கறி, பழம், பருப்பு வகைகள், மீன், கொட்டைகள் நிறைய. இறைச்சி, இனிப்பு குறைவு. தக்காளி, வெங்காயம், பூண்டை ஆலிவ் எண்ணெயில் வதக்கும் ‘சோஃப்ரீட்டோ’ அவர்கள் வீட்டில் அடிக்கடி உண்டு. கிட்டத்தட்ட நம் தக்காளித் தொக்கு! அதனால், மிதமான தீயில் வதக்கத் தயங்க வேண்டாம். பஜ்ஜி, வடைக்கு ஊற்றினால்தான் காசும் பாலிபீனாலும் சேர்ந்து வீண். சுண்டல், சாலட், வெந்த காய்கறி மேல் ஊற்றிக்கொண்டால் முழுப் பலன்.

இன்னொன்று, ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 120 கலோரி இருக்கிறது. வழக்கமான எண்ணெய், நெய்யைக் குறைத்துவிட்டு அதற்குப் பதிலாக இதைச் சேருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஸ்பூன் கூடுதலாக என்றால், எடைதான் ஏறும்.

வாங்க வசதியில்லையா? வருத்தமே வேண்டாம். அதே பிரெடிமெட் ஆய்வில், எண்ணெய்க்குப் பதில் தினமும் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் சாப்பிட்ட குழுவுக்கும் ஏறத்தாழ அதே பலன் கிடைத்தது. பருப்பும் காய்கறியும் தெருமுனைக் கடையிலேயே இருக்கின்றன.

முக்கியமான விஷயம். அந்த ஆய்வுகளில் யாருடைய மாத்திரையையும் நிறுத்திவிட்டு எண்ணெய் கொடுக்கவில்லை. ‘ஆலிவ் எண்ணெய் சாப்பிடறேனே’ என்று கொலஸ்ட்ரால் மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். தட்டில் எண்ணெய் அதன் வேலையைச் செய்யட்டும். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலையாகவே இருக்கட்டும்!