கூரையைச் சோதித்தது யார்?

இந்த வாரமும் ஒரு ஏசி விளம்பரம். கைபேசியிலிருந்தே இயக்கலாம், ஆளில்லாத அறையில் தானே அடங்கும், மின்கட்டணம் குறையும் என்கிறது. எவ்வளவு குறையும், யார் வீட்டில் அளந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம் இணையத் தெர்மோஸ்டாட்டுகளுக்கு வரையறை வகுத்தபோது, மக்கள் குடியிருக்கும் வீடுகளில் பதிவான கணக்கைக் கேட்டது. இங்கே எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர ஸ்டிக்கர் ஆய்வகச் சோதனையை நம்புகிறது. அதிலுள்ள ஆண்டு யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. புதுக்கோட்டையின் கோடை அதற்குள் அடங்குமா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அடுத்து எது வரும் என்று தெரியும்: மாடித் தளம்.

பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவு நெடுநேரம் அறைக்குள் இறக்குகிறது. ஏசி எத்தனை புத்திசாலியாக இருந்தாலும் அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். குழிபிறை, ராயவரம் பக்கத்து நகரத்தார் வீடுகளில் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் திறந்த வளவும் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. வசதிக்காரர்கள் வீடு என்று தள்ளிவிட வேண்டாம். சாதாரண மெத்தை வீட்டிலும் செங்கல் ஜல்லியில் சுண்ணாம்பு கலந்து பரப்பி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கினார்கள். அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். மழை ஒழுகாமலிருக்கப் போட்டது வெயிலின் வேகத்தையும் குறைத்தது. இன்று பல வீடுகளில் ஒழுகல் தடுக்கும் பூச்சு ஒன்றோடு வேலை முடிந்துவிடுகிறது. அருமையான ஒரு கைவேலை நம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது.

கூரைக்கும் அளவுகோல் உண்டு. அதே பணியகம் 2018-ல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தது: ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கடத்தும். ஏசியை நட்சத்திர ஸ்டிக்கர் இல்லாமல் விற்கக்கூடாது; வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சோதிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, சுவரில் மாட்டிய பெட்டியைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

வீடு கட்டத் தொடங்கியிருப்பவர்கள், தளத்துக்கு மேல் என்ன போடப்போகிறார் என்று மேஸ்திரியிடம் இப்போதே கேளுங்கள். எஸ்டிமேட்டில் அதைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள்.