கரையில் காவல், கடலில் சாவு

பனி கொட்டும் தை மாத நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் நடக்கிறார்கள். பங்குனி ஆமை முட்டையிட ஏறிவந்த தடத்தைத் தேடும் நடை இது. 1988 முதல் தொடர்கிறது, சம்பளம் கிடையாது. தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகிய இடத்தைக் கையாலேயே தோண்டி, நூற்றுக்கு மேலும் இருக்கும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். விட்டுவைத்தால் நாய் கிளறும். பொரிந்து வந்த குஞ்சுகளோ விளக்கு வெளிச்சத்தைக் கடலென்று நம்பிச் சாலைக்குப் போகும்.

இந்தப் பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர், இழுவலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். இந்த வலையை இழுக்கும் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது சட்டம். அதைக் காப்பது தன்னார்வலர் வேலையல்ல, அரசின் வேலை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையாவது ரோந்துப் படகு கடலில் நிற்க வேண்டும். வலையில் ஆமை தப்பும் கருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலைப் பார்த்த வீட்டுக்காரர்கள் மொட்டைமாடி விளக்கை இன்றிரவே அணைக்கலாம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.