எடை பார்த்து ஏற்றுக!

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்பது பழமொழி. வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பார் என்று மூன்றாவது சோதனை ஒன்றையும் இந்தக் காலம் அதனுடன் சேர்த்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அந்தச் சோதனையில் விரும்பி இறங்கும் குடும்பங்கள் ஏராளம். மோட்டார் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வண்டி அது. சேர்ந்த இடத்தில் மூடியைத் திறந்து விரித்தால் படுக்கையும் கூடாரமும் தயார். பின்புறத்துப் பலகையை இழுத்தால் அடுப்பும் அலமாரியும் தயார். கேம்பர் டிரெய்லர் என்று அந்நாட்டவர் அழைக்கும் இந்தக் கூடார வண்டி ஒன்று இருந்தால் ஓட்டல் அறையைத் தேட வேண்டியதில்லை. குழந்தைகள் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே உறங்கலாம். சிட்னியிலும் மெல்போர்னிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த ஆசை எழுவதில் வியப்பில்லை.

ஆசையில் குற்றமில்லை. ஆனால் வண்டி வாங்கிய முதல் வாரத்தில் வீட்டு வாசலில் நடக்கும் காரியந்தான் கவலைக்குரியது. தந்தை கருவிப் பெட்டியைக் கொண்டுவருகிறார். தாய் இட்லிப் பானையும் அரிசி மூட்டையும் இல்லாமல் முடியாது என்கிறார். பிள்ளைகள் சைக்கிளை ஏற்றுகிறார்கள். இடம் இருக்கும் வரை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இடம் நிறைந்ததும் பூட்டிப் புறப்படுகிறார்கள். வண்டி கொள்ளும் அளவு வேறு, தாங்கும் அளவு வேறு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மயில் தோகையே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவார்கள். இரும்பு அச்சுக்கும் ரப்பர் சக்கரத்துக்கும் அந்த நியதி மாறிவிடவில்லை.

கணக்குச் சாதாரணமானதுதான். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். வண்டியின் வெறும் எடையும், சுமையோடு சேர்ந்து அது தாங்கக்கூடிய மொத்த எடையும் வண்டியின் தகட்டிலோ பத்திரங்களிலோ இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் ஏற்றக்கூடிய சுமை. வெறும் எடை 1,200 கிலோ, மொத்த எடை 1,600 கிலோ என்று வைத்துக்கொண்டால் 400 கிலோ ஏற்றலாம். கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. 9 கிலோ வாயு கொள்ளும் உருளை ஒன்று, தன் எடையும் சேர்ந்து, ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். அத்தகைய உருளைகள் இரண்டு என்றால் 36 கிலோ. கூடுதலாகப் பொருத்திய பழைய ரக பாட்டரி 30 கிலோ. உணவு அடைத்த குளிர்பெட்டி 50 கிலோ. ஆக 216 கிலோ. ஒரு சட்டையைக்கூட இன்னும் மடித்து வைக்கவில்லை; அதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது!

முன்பந்தல் துணி 25, மேஜை நாற்காலிகள் 25, படுக்கை 20, அடுப்பும் பாத்திரங்களும் 25, நால்வர் துணிமணி 40, மளிகை 30, கருவிகள் 20 என்று கூட்டினால் இன்னும் 185 கிலோ. மொத்தம் 401. சைக்கிள்களையும் விறகு மூட்டையையும் ஏற்றுவதற்கு முன்பே வண்டி வரம்பைத் தாண்டிவிட்டது. விற்ற பிறகு கடைக்காரர் ஆசை காட்டிப் பொருத்தும் ஒவ்வொரு அலங்காரச் சாமானும் இந்த 400 கிலோவிலிருந்துதான் கழியும் என்பதையும் மறக்கலாகாது.

எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் மிஞ்சினால் அதே கழுத்தை அழுத்தும். கூடார வண்டியிலும் அதே நியாயந்தான். சுமையேற்றிய வண்டியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, காரோடு வண்டியைப் பூட்டும் இரும்புக் குண்டின் மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான விதி. கார் தயாரித்தவர் விதித்துள்ள வரம்பு அதைவிடக் குறைவானால் அந்த வரம்பே செல்லும். குண்டின் மேல் அதிகமாக இறங்கினால் காரின் பின்புறம் அமுங்கி, முன் சக்கரங்களின் பிடி தளரும். குறைவாக இறங்கினால் ஆபத்து இன்னும் பெரிது. வேகம் கூடக் கூட வண்டி வால் ஆட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் தன்னோடு இழுத்துப் புரட்டிவிடும்.

ஆகையால் கனமான சாமான்கள் தாழ்வாகவும் அச்சுக்கு நேராகவும் இருக்க வேண்டும். இலேசானவை மேலே போகலாம். வண்டியின் கடைக்கோடியில் சைக்கிளையும் தண்ணீர்த் தகரங்களையும் தொங்கவிடுவது கூடாது. எல்லாம் செய்தும் வழியில் ஆட்டம் கண்டுவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், திசைச் சக்கரத்தை எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்புவதும் அபாயத்தை வளர்க்கும். முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுத்து, சக்கரத்தை நேராகப் பிடித்திருக்க வேண்டும். வண்டிக்குத் தனி மின்சார பிரேக் இருந்தால், அதை மட்டும் கையால் இயக்க வேண்டும். சக்கரங்களின் மேல் விழும் எடை 750 கிலோவைத் தாண்டும் வண்டிகளுக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய விதிகள் சொல்வது வீணுக்கு அல்ல.

சுமையைக் குறைப்பது என்றதும் அவசியமானதையே விட்டுச் செல்வதும் தவறு. தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவுக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மனுக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர். நல்லார்பர் சமவெளியைக் கடக்கும் இந்தப் பாதையில் பெட்ரோல் நிலையங்கள் தொலைவில் தொலைவில்தான் இருக்கின்றன, குடிநீர் அரிது. “மரமில்லாதது” என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்தே அந்தச் சமவெளிக்குப் பெயர் வந்தது. அங்கே ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் 5 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இருக்க வேண்டும். வண்டி பழுதாகி நின்றால் காத்திருக்கும் நாட்களுக்கும் சேர்த்து இருக்க வேண்டும். தண்ணீருக்காக வேறொன்று இறங்க வேண்டுமானால் இறங்கட்டும். ஊருக்கு ஊர் குழாய் உள்ள கடற்கரைச் சாலையிலோ, நிறைந்த தொட்டி அனாவசியப் பாரம்.

காய்கறி விஷயத்திலும் முன்யோசனை தேவை. பயிர்ப் பூச்சியும் நோயும் பரவாமல் காக்கும் பொருட்டு, மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் எல்லைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் முதலியவற்றைச் சோதித்துப் பறிமுதல் செய்வார்கள். கிழக்கு நோக்கித் திரும்புவோருக்குச் செடூனாவிலும் அப்படியே. கூடை கூடையாக வாங்கி ஏற்றிச் சென்று சாவடிக் குப்பைத் தொட்டியை நிரப்புவதில் யாருக்கு லாபம்?

அத்தியாவசியம் என்று ஒரு சிறு பட்டியல் உண்டு. மாற்றுச் சக்கரம், ஜாக்கி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, அச்சுக்கு ஒரு ஜோடி பேரிங், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, அதில் பாம்புக் கடிக்கு இறுக்கிக் கட்டும் அகலமான பட்டைத் துணிகள். தொலைபேசி எட்டாத உட்பிரதேசத்துக்குச் செல்வோர், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே அழைப்பு அனுப்பும் சிறு கருவியையும் சேர்த்துக்கொள்வது உசிதம். முட்டுக்கட்டையும் கைவிளக்கும் முளைக்குச்சிகளும் சுத்தியும் கடைசியில் ஏறி முதலில் இறங்க வேண்டியவை. சேரும் நேரம் இருட்டிவிட்டால் இதன் அருமை தெரியும். காரிலிருந்து கழற்றும் முன்பே வண்டிக்கு முட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

புதுக் கூடாரத்துக்கும் ஒரு சடங்கு இருக்கிறது. பருத்திக் கித்தானைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டு முற்றத்தில் விரித்து, நன்றாக நனைத்து, முழுதும் உலர்த்தி, இப்படி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும். இதைச் செய்யாதவர்கள் முதல் மழையில் படுக்கையோடு நனைகிறார்கள். அந்த முற்றத்திலேயே ஒரு முறை விரித்து மடித்துப் பழகிவிட்டால், முகாமில் நான்கு பேர் பார்க்கத் தம்பதிகள் சண்டையிட வேண்டியிராது. சாலையில் ஏறிய முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

சமையல் வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நின்று சிறு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே உருளைகள் வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். குளிருக்காக அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்குவது மரணத்தை விருந்துக்கு அழைப்பதாகும். நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு, தூங்குகிறவரை எழுப்புவதில்லை. அங்கே இன்னொரு கம்பளி அதிகச் சுமையல்ல.

இத்தனைக்கும் மேலாக ஒரு காரியம் இருக்கிறது. முதல் பிரயாணத்துக்கு முன்பு, தண்ணீரும் வாயுவும் சாமான்களும் முழுதாக ஏற்றிய நிலையில், லாரிகளை நிறுத்தும் எடை மேடைக்கு வண்டியை ஒரு முறை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். குண்டின் மேல் இறங்கும் பாரத்தை அளக்கத் தனிச் சிறு தராசுகளே விற்கின்றன. சில நாணயங்களும் ஒரு மணி நேரமுந்தான் செலவு. வரம்பை மீறிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுக் கம்பெனி கைவிரிக்கக்கூடும். போன உயிருக்கோ எந்தக் கம்பெனியும் ஈடு தர முடியாது.

பொறுப்பு வாங்குகிறவருடையது மட்டுமல்ல. எத்தனை பேர் படுக்கலாம், எத்தனை அலமாரி உண்டு என்று விளம்பரம் செய்கிறவர்கள், எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதையும் அதே பெரிய எழுத்தில் போட வேண்டும். சாவியைக் கையில் கொடுக்கும் முன் தகட்டைக் காட்டி, கணக்கைச் சொல்லி, ஒரு முறை ஏற்றிக் காட்டி அனுப்ப வேண்டும். கார் ஓட்டத் தெரிந்த எவருக்கும் வண்டி இழுக்கத் தெரியும் என்று எண்ணி அனுப்பிவிடுவது வியாபாரமாகலாம், நியாயமாகாது.

முதல் பிரயாணம் முடிந்து திரும்பியதும் வண்டியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி இரண்டு குவியலாகப் பிரிக்கட்டும். பயன்பட்டவை ஒரு பக்கம், தொடாமலே திரும்பியவை மறு பக்கம். முதலுதவிப் பெட்டியும் தீயணைப்புக் கருவியும் தொடப்படாமல் திரும்பினால் அது பாக்கியம். அவை மீண்டும் ஏற வேண்டும். மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த முறை வண்டி இலேசாகப் போகும். போனவர்கள் பத்திரமாகத் திரும்புவார்கள்.