ஃபார்மேட் போட்டா சரியாயிடுமா?

லினக்ஸில் புதுக் கெர்னல் இறங்குகிறது. ரீஸ்டார்ட் கேட்கிறது. கொடுத்தால் கருப்புத் திரையில் 'கெர்னல் பேனிக்' என்று நாலு வரி... அப்படியே நின்று விடுகிறது. உடனே பக்கத்தில் இருக்கும் அறிவாளி ஒருவர் தீர்ப்பு சொல்லி விடுவார்: "லினக்ஸ்னாலே இப்படித்தான்பா. ஃபார்மேட் போட்டு விண்டோஸ் ஏத்திரு!"

தலைவலிக்குத் தலையை வெட்டச் சொல்லும் வைத்தியம் இது.

கணினியை ஆன் செய்ததும் லினக்ஸை எழுப்புவது கிரப் என்ற பூட்லோடர். அது கெர்னலையும், கூடவே இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றும். ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் அந்தச் சின்னக் கோப்பில்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

சில கணினிகளில் பூட் பகுதிக்கென்று தனியாகக் கொஞ்சூண்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள். பழைய கெர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நிரம்பி விடும். புதுக் கெர்னல் வரும்போது இனிட்ராம்எஃப்எஸ் பாதி எழுதி நின்று விடும். உங்கள் கோப்புகளுக்கு இதில் ஒரு கீறல் கூட விழுவதில்லை. பழைய கெர்னலும் பத்திரமாக அங்கேயே இருக்கிறது. கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் கணினி எழுந்து விடும். மெனுவே தெரியவில்லையா? ஆன் செய்தவுடன் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப். உள்ளே போய் வேண்டாத கெர்னல்களை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப்பையும் மறுபடி புதுப்பிக்க வேண்டும். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

('கிரப் ரெஸ்கியூ' என்று வந்தால் அது வேறு நோய். பெரும்பாலும் யாரோ விண்டோஸில் உட்கார்ந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்திருப்பார்கள். பழி மட்டும் லினக்ஸ் மேல்!)

விண்டோஸ் மட்டும் யோக்கியமா? 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விட்ட ஒரு பாதுகாப்பு அப்டேட், இரண்டு இயங்குதளமும் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸை எழவே விடாமல் செய்தது. இரட்டை பூட் கணினிகளை அது தொடாது என்று சொல்லித்தான் விட்டார்கள். முழுத் தீர்வு வந்தது 2025 மே மாதம்.

நம்மூருக்கு வருவோம். 2011-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தது. சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட நம் நாட்டு லினக்ஸ். நல்ல விஷயம். ஆனால் ஆன் செய்ததும் வருகிற அந்த மெனு என்ன என்று எத்தனை வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்?

ராசிங்காபுரத்தில் அப்பாவும் அம்மாவும் விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த லேப்டாப்தான் வீட்டின் முதல் கணினி. அது எழவில்லை என்றால் பஸ் ஏறிப் போடிக்குத்தான் போக வேண்டும். கடையில் ஒரு கேள்வி கிடையாது, பார்ப்பது கிடையாது, நேராக ஃபார்மேட்! திருட்டு விண்டோஸ் ஒன்று ஏறும். காசு போவது ஒரு பக்கம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த ப்ராஜெக்ட், இறந்துபோன தாத்தாவின் ஒரே போட்டோ... எல்லாம் போச்சு. கடைக்காரர் கூலாகச் சொல்வார், "பேக்கப் எடுக்கலியா தம்பி?"

லினக்ஸ் ரசிகர்களும் சும்மா இல்லை. உதவி கேட்டு வருகிறவனிடம் "மேனுவலைப் படி" என்று எரிந்து விழுவதில் அவர்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம். அந்தப் பையன் அடுத்த பஸ்ஸில் ஃபார்மேட் கடைக்குப் போகாமல் வேறு எங்கே போவான்? டிஸ்ட்ரோ செய்கிறவர்களுக்கும் ஒரு கேள்வி: இடம் போதாது என்றால் அப்டேட்டைத் தொடங்கும் முன்பே மறுத்து, புரிகிற மொழியில் சொல்ல வேண்டியதுதானே?

அதுவரை கடையில் லேப்டாப்பைக் கொடுக்கும் முன் பழைய கெர்னலை ஒரு முறை முயன்று பாருங்கள். அதுவும் எழவில்லையா? லைவ் யுஎஸ்பி போட்டுக் கோப்புகளை முதலில் வெளியே எடுத்து விடுங்கள். அதைச் செய்ய மாட்டேன் என்கிற கடையில் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து விடுங்கள்.