48 மணி நேரம் லேபைத் திறந்து வைங்க

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இன்ஜினியரிங் காலேஜ்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு காலேஜில் ஹாம் ரேடியோ கிளப் தொடங்கினா கதை எப்படிப் போகும்னு சொல்றேன். குத்துவிளக்கு, பேனர், சிறப்பு விருந்தினர். லைசென்ஸ் பரீட்சைக்கு ஒரு பேட்ச். குரூப் போட்டோ. அப்புறம் ரிக் இசிஇ டிபார்ட்மென்ட் கண்ணாடி அலமாரிக்குள்ள போயிடும். ஆய்வுக்குழு வர்ற அன்னிக்கு மட்டும் யாராவது தூசி தட்டுவாங்க. கிளப் எதுக்குன்னு கேட்டா "பேரிடர் காலத் தகவல் தொடர்பு"ன்னு பதில் ரெடியா இருக்கும். பேரிடர் வர்ற வரைக்கும் என்ன செய்யப் போறீங்கன்னு கேட்டாத்தான் பதில் இருக்காது.

என் பதில் இதுதான்: வருஷத்துக்கு ஒரு வார இறுதி, தொலைதூரப் போட்டியில கலந்துக்கணும். சிக்யூ வேர்ல்ட் வைட் போட்டி. அக்டோபர் கடைசி முழு வார இறுதியில் குரலுக்கு, நவம்பர் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸுக்கு. நம்ம நேரத்துக்கு சனிக்கிழமை காலை 5.30க்கு ஆரம்பிச்சு திங்கள் காலை 5.30 வரைக்கும், முழுசா 48 மணி நேரம். நவம்பர்ல செமஸ்டர் பரீட்சை கழுத்தைப் பிடிக்கும், அதனால நமக்கு அக்டோபர்தான்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: இன்டர்நெட் கிடையாது, டவர் கிடையாது. உங்க ரிக், உங்க ஆண்டெனா, மேலே அயனோஸ்பியர். அதில் பட்டுத் திரும்புற அலையை வெச்சு எத்தனை நிலையங்களோட பேசுறீங்க என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தொடர்பிலும் சிக்னல் ரிப்போர்ட்டும் உங்க மண்டல எண்ணும் சொல்லணும். உலகத்தை 40 மண்டலமாப் பிரிச்சிருக்காங்க, நமக்கு 22. ஆக "ஃபைவ் நைன், டூ டூ". (சிக்னல் காதுலயே விழலைன்னாலும் எல்லாரும் ஃபைவ் நைன்னுதான் சொல்லுவாங்க. ஹாம் உலகத்தின் பெரிய மரியாதைப் பொய் இது.)

"ஜெர்மனிக்கு வாட்ஸ்அப் கால் போட்டா முடிஞ்சுது, இதுக்கு ரெண்டு நாள் தூக்கம் கெடணுமா?"ன்னு கேக்கிறவங்க இருக்காங்க. வாட்ஸ்அப்பில் நடுவுல இருக்கிற வேலையை வேற யாரோ செஞ்சு முடிச்சுட்டாங்க. இங்க அதை நீங்க செய்யணும். வேற கண்டத்தோட பேசினா 3 பாயின்ட். ஆசியாவுக்குள்ளேயே வேற நாடுன்னா 1. சொந்த நாட்டுக்குள்ள பூஜ்யம். மொத்தப் பாயின்ட்டை, ஒவ்வொரு அலைவரிசையிலும் பிடிச்ச நாடுகள், மண்டலங்களோட எண்ணிக்கையால் பெருக்கணும்.

இதோட அர்த்தம் என்னன்னு பாருங்க. கையில 300 பாயின்ட், 40 பெருக்கிகள்னு வைங்க: 12,000. ஏற்கெனவே பிடிச்ச நாட்டிலிருந்து இன்னொரு ஐரோப்பியர் கிடைச்சா 12,120. அதே நேரத்தில் புதுசா ஒரு ஆப்பிரிக்க நாடு கிடைச்சா 12,423. அந்த ஒருத்தருக்காக பத்து நிமிஷம் கூட்டத்தில் கத்திக்கிட்டு நிக்கலாமா, இல்ல அந்தப் பத்து நிமிஷத்துல சுலபமா கிடைக்கிற ஐரோப்பியர்களை அள்ளலாமா? காலையில ஜப்பான் பக்கத்து வீடு மாதிரி கேக்கும், ஆனா 1 பாயின்ட்தான். மதியத்துக்கு மேல ஐரோப்பா திறக்கும். அமெரிக்கா துருவத்துப் பக்கமாச் சுத்தி வரணும், கிடைச்சா அதிர்ஷ்டம். இந்த முடிவுகளை ராத்திரி ரெண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் எடுக்கணும். ஆப்டிமைசேஷன் பாடத்துக்கு இதைவிட நல்ல லேப் எனக்குத் தெரியாது.

இன்னொன்னு, இங்க ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ண முடியாது. நீங்க அனுப்புற லாகை எதிர்ப்பக்க லாகோட கம்ப்யூட்டர் ஒப்பிடும். கால் சைனைத் தப்பா எழுதியிருந்தா அந்தத் தொடர்பும் போச்சு, அதுக்கு மேல ரெண்டு மடங்கு பாயின்ட் அபராதமும் உண்டு. லாக் எல்லாம் பொதுவில் வெளியாகும். நம்ம நாலு வருஷப் படிப்பில் இவ்வளவு கறாரான வைவா எத்தனை பார்த்திருக்கோம்?

காசு பெரிய தடை இல்லை. 20 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல்னா 10 மீட்டர் ஒயர், 10 மீட்டர் அலைவரிசைக்கு 5 மீட்டர். எலக்ட்ரிகல் கடை ஒயரே போதும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைச்ச பிட்எக்ஸ் ரிக்கை உலகம் முழுக்க வீட்டிலேயே சால்டர் பண்ணி ஓட்டுறாங்க. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு லைசென்ஸுக்கு மோர்ஸ் தேவையில்லை, 12 வயசு போதும். தனி ஆளா இறங்குறவங்களுக்கு, 25 வயசுக்குள்ளனா இளைஞர் பிரிவே இருக்கு. லைசென்ஸ் இல்லாதவங்க மைக்கைத் தொடக்கூடாது. ஆனா ஆண்டெனா கட்டவும் சூரியனைப் பார்த்து அட்டவணை போடவும் ஆள் வேணுமே.

நம்ம ஏரியாவோட உண்மையான எதிரி இரைச்சல். தொழிற்பேட்டை மோட்டார் டிரைவ், தெருவெல்லாம் எல்இடி, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். அது நடுவுல ஆஸ்திரேலியாவைக் கேக்கணும். எங்கிருந்து இரைச்சல் வருதுன்னு ஒரு சின்ன ரேடியோவைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா அலைஞ்சா, இஎம்ஐ பாடம் புத்தகத்திலிருந்து இறங்கி வரும். ஆகாசவாணியின் சிற்றலை ஒலிபரப்பு ஆவடியிலிருந்துதான் போனதுன்னு நம்ம பசங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? சிற்றலை நம்ம ஊருக்கு அந்நியம் இல்லை.

இனி அந்தப் பேரிடர் விஷயத்துக்கு வரேன். 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத் தலைமையில ஒரு ஹாம் குழு போர்ட் பிளேர் போனது. அந்தமான்லேருந்து பல வருஷமா ஹாம் குரலே கேக்காததால, உலகம் முழுக்க அந்தத் தொடர்புக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்கு ஒரே நேரத்தில் நூத்துக்கணக்கான பேர் கத்துவாங்க, அதிலிருந்து ஒரு கால் சைனைப் பிரிச்சு எடுக்கணும். அது போட்டி இல்லை. ஆனா போட்டியில செய்ற வேலை அப்படியே அதுதான். டிசம்பர் 26 காலையில சுனாமி. தீவில் தொடர்புகள் அறுந்தப்போ அதே ரிக், அதே ஆண்டெனா, அதே காதுகள் மீட்புச் செய்திக்குத் திரும்பின. சர்டிபிகேட்டை ஃபைல்ல வெச்சிருந்த யாரும் அன்னிக்கு அங்க போய் அதைச் செஞ்சிருக்க முடியாது.

2015 டிசம்பர் நம்ம ஆளுங்களுக்கு மறக்காது. செம்பரம்பாக்கம் பூந்தமல்லிக்குப் பக்கம்தான். கரண்ட் போய், போன்ல சிக்னலும் போய், சொந்தக்காரங்க உயிரோட இருக்காங்களான்னு தெரியாம இருந்த நாட்கள். அப்படி ஒரு ராத்திரியில, இரைச்சல் நடுவுல ஒரு பேரையும் முகவரியையும் ஒரே தடவையில் சரியா எழுதத் தெரிஞ்ச கை எத்தனை நம்ம காலேஜ்கள்ல இருக்கு? அந்தக் கை பயிற்சியில வர்றது, அலமாரியிலிருந்து வராது.

அப்போ நிஜமான தடை என்ன? சாவி. சனிக்கிழமை மதியம் லேப் பூட்டுவாங்க. மொட்டை மாடிக்கு அனுமதிக் கடிதம் நாலு கையெழுத்து வாங்கணும். அதைவிடப் பெரியது, பெண்கள் ஹாஸ்டல் நேரக் கட்டுப்பாடு. 40 மீட்டர் அலைவரிசை ராத்திரியில்தான் உயிர் பெறும். ராத்திரி ஷிஃப்ட் பசங்களுக்கு மட்டும்னா, கிளப்பின் நல்ல காதுகள்ல பாதியை வாசலிலேயே நிறுத்துறோம். அந்தமான் குழுவுக்குத் தலைமை தாங்கினது ஒரு பெண் என்பதை இவங்களுக்கு யாராவது ஞாபகப்படுத்தணும். கல்ச்சுரல்ஸுக்கு ஸ்டேஜ் கட்டுறப்போ ராத்திரி ஒரு மணி வரைக்கும் பெண்கள் இருக்கலாம், ஃபேகல்டி ஒருத்தர் கூட இருப்பார். ரேடியோவுக்கும் அதே ஏற்பாடு போதும்.

இன்னும் ஒரு அவசரம் இருக்கு. சூரியன் தன்னோட சுழற்சியின் உச்சத்துக்கு வந்துட்டதா நாசா 2024 அக்டோபர்ல அறிவிச்சது. உச்சத்தில் 10 மீட்டர் அலைவரிசை கொஞ்ச வாட்டிலேயே கண்டம் தாண்டும். இனி வருஷா வருஷம் இறக்கம்தான். சுழற்சி சராசரியா 11 வருஷம். அடுத்த உச்சம் வர்றப்போ இப்ப ஃபர்ஸ்ட் இயர்ல இருக்கிறவங்களுக்கு முப்பது வயசு நெருங்கியிருக்கும். அதனால கடிதத்தை ஆகஸ்ட்லயே ஹெச்ஓடி மேஜைக்கு அனுப்புங்க. அதுலயே திங்கள்கிழமை முதல் பீரியட் அட்டெண்டன்ஸையும் சேர்த்துக் கேட்டுடுங்க.