எலிக்கு ஏது மாரடைப்பு?

காட்டாங்குளத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் மூலிகைப் பொடி விற்கும் ஒரு கடையில் பல வருடமாக ஒரு பலகை தொங்குகிறது: 'நல்ல கொழுப்பை ஏற்றும், கெட்ட கொழுப்பை இறக்கும். எலிகளில் நிரூபிக்கப்பட்டது!' இதை நம்பி கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு டப்பாவோடு போகிறவர்கள் இருப்பதால், வாசகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்போம்.

'இயற்கையானது, பயமில்லை' என்பார் கடைக்காரர். அரளி விதையும் இயற்கைதான்.

'கெட்ட கொழுப்பு இறங்கியது.' எந்த எலிக்கு? இத்தகைய சோதனைகளில் அடிக்கடி நடப்பது இதுதான்: ட்ரைட்டான் என்ற சோப்பு வகை ரசாயனத்தை ஊசியில் ஏற்றுவார்கள். ஒரே நாளில் ரத்தக் கொழுப்பு எகிறும். மறுநாள் பொடி இல்லாமலே இறங்கத் தொடங்கும். தானே இறங்குவதை எவ்வளவு சீக்கிரம் இறக்கினோம் என்பதில் போட்டி! இன்று கொழுப்பைக் குறைக்க டாக்டர்கள் எழுதித் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கு முன்னோடியான காம்பாக்டினை 1970களில் எண்டோ அகிரா எலிக்குக் கொடுத்தபோது கொழுப்பு இறங்கவே இல்லை. கோழியிலும் நாயிலும் இறங்கியது. எலியின் தீர்ப்பே இறுதி என்றிருந்தால் ஸ்டாட்டினே வந்திருக்காது.

'நல்ல கொழுப்பு ஏறியது.' இதற்குத்தான் கைதட்டல் அதிகம். மனித ரத்தத்தில் சிஇடிபி என்றொரு புரதம் உண்டு. 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். துகளிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்து, 'கெட்ட கொழுப்பு' வகையான எல்.டி.எல்., வி.எல்.டி.எல். துகள்களுக்குக் கொடுத்து, பதிலுக்கு ட்ரைகிளிசரைடை வாங்கி வருவது அதன் வேலை. எலிக்கும் சுண்டெலிக்கும் அந்தப் புரதமே கிடையாது. அதனால் அவற்றின் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு எச்.டி.எல்.லிலேயே தங்கிவிடுகிறது. பிறவியிலேயே 'நல்ல கொழுப்பு' மிகுந்த பிராணி! சாதாரணத் தீனி தின்னும் சுண்டெலிக்கு ரத்தக்குழாய் அடைப்பே வராது. 1992இல் இரண்டு அமெரிக்க ஆய்வகங்கள், கல்லீரல் கொழுப்புத் துகளை அடையாளம் கண்டு இழுத்துக்கொள்ள உதவும் அபோ-ஈ புரதத்தின் மரபணுவை முடக்கிய பிறகுதான் அந்தத் தீனியிலேயே சுண்டெலிக்கு அடைப்பு வந்தது.

சரி, மனிதனையும் எலி மாதிரி ஆக்கினால்? ஃபைசர் நிறுவனம் அதையும் செய்து பார்த்தது. சிஇடிபியை முடக்கும் டார்செட்ராபிப் மருந்தைச் சுமார் 15,000 பேர் பங்கேற்ற சோதனையில் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். எச்.டி.எல். 72% ஏறியது, எல்.டி.எல். 25% இறங்கியது. கடைப்பலகைக்காரர் கனவு கண்ட எண்கள். ஆனால் 2006 டிசம்பரில் சோதனையை அவசரமாக நிறுத்தினார்கள். மருந்து எடுத்தவர்களில் 93 பேர் இறந்திருந்தார்கள். எடுக்காதவர்களில் 59 பேர். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது, அதுதான் காரணம் என்பார்கள். அந்தத் தொல்லை பெரிதாக இல்லாத, அதே வகை மருந்தான டால்செட்ராபிப்பும் எச்.டி.எல்.லை ஏற்றியது, மாரடைப்பு குறையவில்லை, 2012இல் அதையும் மூட்டை கட்டினார்கள்.

எலி சாட்சிதான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. எச்.டி.எல். கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குள் வாங்கும் எஸ்ஆர்-பி1 என்ற ஏற்பியை நீக்கினால், கொலஸ்ட்ரால் ரத்தத்திலேயே தேங்கி, சுண்டெலியின் எச்.டி.எல். ஏறுகிறது. அபோ-ஈயும் இல்லாத சுண்டெலியில் அதைச் செய்தபோது அடைப்பு மோசமானது. கொலஸ்ட்ரால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதல்லவா கேள்வி? வழியில் தேங்கி நிற்பதை அளந்துவிட்டு 'நல்லது' என்று முத்திரை குத்தினால் எப்படி?

அடுத்த முறை டப்பாவை நீட்டுபவரிடம், எச்.டி.எல். எவ்வளவு ஏறும் என்று கேட்காதீர்கள். எத்தனை மனிதர்களுக்கு மாரடைப்பு குறைந்தது என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்வரை, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.