அஞ்சறைப் பெட்டியும் ஆராயும் அறிவும்

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் வீட்டில் ஒருவர் தும்முவார். இரண்டொரு நாளில் வீடே தும்மும். நீர்க்கோவை, தடிமன், ஜலதோஷம் எனப் பெயர்கள் பல வழங்கினும் நோய் ஒன்றே. அது வந்தவுடன் மருந்துக் கடைக்கு விரைவதா, அடுக்களைக்குள் நுழைவதா என்பதே நம்முன் உள்ள வினா. அடுக்களைக்கே முதலிடம் என்போம் நாம். ஆயின், இது பழமை மீது கொண்ட கண்மூடிய பற்றினால் எழுந்த கருத்தன்று.

சளியை உண்டாக்குவன வைரஸ் என்னும் நச்சுயிரிகள். பாக்டீரியாவை அழிக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகள் இவற்றை ஒன்றும் செய்ய இயலா. சாதாரணச் சளி பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களுக்குள் தானே நீங்கிவிடும். அங்ஙனமிருக்க, நாமாகவே கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரையால் விளைவது யாது? நம் உடலிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மருந்தை எதிர்த்து வாழப் பழகிக்கொள்வதே. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் ஆற்றிய நோபல் உரையிலேயே இவ்வாபத்தை எடுத்துரைத்தார். மேலும், டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்த இருமல் மருந்தை அருந்தி, 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் சிறு குழந்தைகள் பலர் மாண்டதை எங்ஙனம் மறப்போம்?

நம் அஞ்சறைப் பெட்டியோ அஞ்சத் தேவையில்லாதது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். இம்மருந்தின் பெயரையே நல்லாதனார் தம் அறநூலுக்குச் சூட்டினார் எனின், தமிழர் வாழ்வில் அது பெற்றிருந்த இடத்தை உணரலாம். மிளகு ரசம், சுக்குக் காப்பி, தூதுவளைத் துவையல், கற்பூரவல்லிச் சாறு, இஞ்சியும் பூண்டும் மணக்கும் கஞ்சி ஆகியன தொண்டைக்கு இதம் தருவன; உடலுக்கு நீரும் ஊட்டமும் சேர்ப்பன. உப்பிட்ட வெந்நீரால் தொண்டை கொப்பளித்தலும் அத்தகையதே. திருமறையின் 16-ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரைத் தாங்கியுள்ளது. அத்தேன் இரவு நேர இருமலைத் தணிக்க வல்லது என்பதை இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன. வேலியோரத்து ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் ஆங்கில மருந்து உருவாக்கப்பட்டது. எனவே, வேலியும் ஆய்வுக்கூடமும் பகைவரல்ல; உறவினரே.

எனினும், இவை துன்பத்தைத் தணிப்பனவேயன்றி நச்சுயிரியைக் கொல்வன அல்ல. வீட்டு மருந்து என்பதாலேயே தீங்கற்றது என்று கொள்வதும் பிழை. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்து உயிருக்கே உலை வைக்கலாம். பெரியோர் இதனைப் பொறுத்தருளி ஏற்க வேண்டுகிறோம். கற்பூரம் கலந்த எண்ணெயைக் கைக்குழந்தையின் மார்பில் தடவுதலும் தீது. கொதிக்கும் நொச்சி நீர் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்து போவதும் உண்டு. ஆதலின் சிறுவருக்கு ஆவி பிடித்தல் வேண்டா. ஆஸ்துமா உள்ளார் மஞ்சள் புகையைத் தவிர்த்தல் நலம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் மொழி. மூன்று நாள் கடந்தும் காய்ச்சல் தணியாவிடில் மருத்துவரை நாடுக. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளை அமைதியாக இருக்கும்போதே நிமிடத்திற்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், நெஞ்சுக்குழி உள்வாங்கினாலும், கைக்குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. அந்நிலையில் கசாயம் காய்ச்சிக் கொண்டிருப்பது அன்பன்று, அறியாமையே.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். உங்கள் பாட்டியரிடமும் உம்மம்மாக்களிடமும் அமர்ந்து, எந்த இலை, எவ்வளவு, எந்த வயதினர்க்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதியதை மருத்துவம் பயின்றோரிடம் காட்டித் தெளியுங்கள். கேளாமல் விட்டால் அவ்வறிவு அவர்களோடு மறையும். தெளியாமல் ஏற்றால் அதுவே தீங்காகும். கேட்டலும் தெளிதலும் கைகோக்கும் இல்லத்தில் அஞ்சறைப் பெட்டி என்றும் பயன் தரும்.